நாய் என்று சொல்லச் சொன்னார்

உங்களைக் கடித்தது வீட்டு நாயா டீச்சர்? பெயர் வைத்து, பிஸ்கட் போட்டு, மடியில் தூக்கி வைத்து வளர்த்ததா? அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். தெருநாய் கடித்தவர்கள் இந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் கோபத்தோடு வந்து உட்காருவார்கள். வீட்டு நாய் கடித்தவர்கள்தான் இப்படி அழுவார்கள். கண்ணைத் துடையுங்கள். ஒரு நாய்க்காக அழுவார்களா? நீங்கள் வீட்டுக்குப் போனதும் அது வாலை ஆட்டிக்கொண்டு வந்து அதே காலை நக்கும் பாருங்கள். நாய் அவ்வளவுதான். மானம் என்று ஒன்று அதற்குக் கிடையாது.

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். எனக்குக் கையை மடக்க முடியவில்லை. பெரிய காயம் இல்லை, பெருவிரலுக்குக் கீழே இரண்டு பல் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் மேலே சுண்ணாம்பு தடவிவிட்டார். சோப்புப் போட்டுக் கழுவாமல் சுண்ணாம்பு தடவிக்கொண்டு வந்தேன் என்று வாசலிலேயே அந்த நர்சம்மா என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். தடவியவர் வெளியே வேப்பமரத்தடியில் மொபெட் மேல் உட்கார்ந்து பன் தின்கிறார். திட்டு எனக்கு.

அந்த நர்சம்மா கீரி கடித்த ஆளிடம் கத்தியதைக் கேட்டீர்களா? "காட்டுப் பிராணி கடிச்சா வெறும் ஊசி பத்தாதுய்யா, கடிவாயைச் சுத்தி வேற மருந்து போடணும். இங்க இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், இப்பவே கிளம்பு" என்றாரே. அதைக் கேட்டதிலிருந்து என் கடியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஏன் என்றால், கிட்டே வாருங்கள், சத்தமாகச் சொல்ல முடியாது. என்னைக் கடித்தது நாய் இல்லை.

நரி.

சிரிக்காதீர்கள். காட்டில் போய்க் கடி வாங்கவில்லை. வீட்டில், கொல்லையில், நான் சோறு போட்டு வளர்த்த நரி. அதை வீட்டில் வைத்திருப்பது குற்றமாம். அதனால்தான் வழியெல்லாம் வீட்டுக்காரர் எனக்குப் பாடம் நடத்தினார். "தெருநாய்னு சொல்லு. என்ன நிறம்னு கேட்டா செவலைன்னு சொல்லு. எங்கன்னு கேட்டா சந்தைக்குப் போற வழியிலன்னு சொல்லு. நரின்னு வாயில வந்துச்சு, ஃபாரஸ்ட்காரன் என்னைக் கொண்டுபோய் உள்ள வெச்சிருவான். துரையையும் தூக்கிட்டுப் போயிருவான்." துரை என்பது நரியின் பெயர். அதற்குத் துரை. என்னைக் கூப்பிடுவது 'இந்தா'.

ஆக, நாய் என்று சொன்னால் நர்சம்மா இந்தப் புள்ளிக் காயத்தைப் பார்த்து ஒரு ஊசியைப் போட்டு அனுப்பிவிடுவார். எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது. நரி என்று சொன்னால் அவருக்கு என்ன ஆகும் என்று நன்றாகத் தெரியும். இப்படி ஒரு இடத்தில் கொண்டுவந்து என்னை உட்காரவைத்துவிட்டு அந்த மனுஷன் பன் தின்கிறார். தேங்காய் பன்.

எங்கள் ஊர்ப் பக்கம் நரி முகத்தில் முழித்தால் நல்லது என்பார்கள். உங்கள் பக்கமும் சொல்வார்கள்தான். ஆனால் எங்கள் ஊரில் வெறும் பேச்சோடு விடமாட்டார்கள். பொங்கல் முடிந்ததும் ஆண்கள் எல்லாம் வலையைத் தூக்கிக்கொண்டு கரட்டுக் குன்றுக்குப் போவார்கள். ஒரு நரியைப் பிடித்து வந்து, மாலை போட்டு, கோயில் முன்னால் கயிற்றில் விட்டு ஓட்டுவார்கள். ஊரே வந்து அதன் முகத்தைப் பார்க்கும். பிறகு கொண்டுபோய்க் கரட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த நரிக்கு யார் முகத்தில் முழித்த பலன் இது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

பிறகு கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பொங்கலுக்குப் பொங்கல் ஃபாரஸ்ட் ஜீப் வந்து கோயில் முன்னால் நிற்கும். அதிலிருந்து ஊரில் எது நடந்தாலும் நரி முகம் பார்க்காததுதான் காரணம். குச்சிக்கிழங்குச் செடியில் தேமல் நோய் விழுந்ததா, நரி. யாரோ வீட்டுப் பெண் யாரோடோ போய்விட்டாளா, நரி. எங்கள் கிணற்று மோட்டார் புகைந்ததற்கும் அதுதான் காரணம் என்றார் இவர். மழைக்கு முன்னால் சாக்குப் போட்டு மூடுங்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்தியது காரணம் இல்லை.

போன வருஷம் கிழங்கு பிடுங்கும்போது வரப்புக்குள் ஒரு வளை இருந்தது. தாய் நரி ஓடிவிட்டது. இவர் கையை விட்டு ஒரு குட்டியை எடுத்து, சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். "ஊரு வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துட்டிருந்துச்சு. நான் தினமும் பார்ப்பேன், பாத்துக்க" என்றார். முகமெல்லாம் பல். உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை தனக்குத் தோன்றிவிட்ட மாதிரி.

எதிர்வீட்டு ராமாயி வந்து பார்த்தாள். "ஏக்கா, இது நாய்க்குட்டி மாதிரியே இருக்குது. அண்ணனை எவனோ ஏமாத்திட்டானா?" என்றாள். அவள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. தபால்காரரைப் பார்த்துக் குரைத்துவிட்டு, அவர் திரும்பி முறைத்தால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டு இவள் நரிக்கு நோட்டம் சொல்ல வந்தாள். நான் அவளுக்கு டீத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை.

ஆனால் குட்டியில் அது நாய்க்குட்டி மாதிரிதான் இருந்தது, பொய் சொல்வானேன். பால் குடித்தது. என் முந்தானையில் சுருண்டு தூங்கியது. நாலு பேர் வந்து பார்த்தார்கள். இவர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். ஆடிக்காற்று ஆரம்பித்ததோ இல்லையோ, அதன் குணம் மாறிவிட்டது. யாரும் அடிக்கவில்லை, யாரும் வையவில்லை. தூக்கப் போனால் விலகியது. வாசலில் ஆள் சத்தம் கேட்டால் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்விடும். மரக்கதவைக் கடித்தே ஓட்டை போட்டது. அப்புறம் இவர் வெல்டிங் கடையில் சொல்லிக் கம்பிவலைக் கூண்டு செய்து கொல்லையில் வைத்தார்.

நாயும் நரியும் ஒரே சாதி மாதிரிதான் இருக்கும் டீச்சர். அதே நாலு கால், அதே வால். ஆனால் நாய் நம் முகத்தைப் பார்க்கும். நரி நம் கையைப் பார்க்கும். கையில் என்ன இருக்கிறது, கட்டையா கறியா, அதுதான் அதற்கு வேண்டும். முகத்தில் அதற்கு வேலை இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது மட்டும் திரும்பும். பெயர் தெரியும், ஆனால் வராது. உங்கள் நாய் தன் பெயரைக் கேட்டால் தின்கிற சோற்றை விட்டுவிட்டு ஓடி வருமே, எதற்கு என்று அதற்கே தெரியாமல்.

ஒரு தடவை கூண்டு பக்கத்தில் புதுசாக ஒரு சிவப்பு வாளி வைத்தேன். அவ்வளவுதான், சோறு தொடவில்லை. கறி போட்டேன், தொடவில்லை. வாளியையே பார்த்துக்கொண்டு மூலையில் நின்றது. வாளியை எடுத்த பிறகுதான் தின்றது. ராமாயி நாயாக இருந்தால் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு தெருவெல்லாம் ஓடியிருக்கும்.

கூண்டுக்கு வருவதற்கு முன்னால், போட்டதை எல்லாம் எங்காவது ஒளித்து வைக்கும். இவர் செருப்புக்குள் கோழித் தலை இருந்தது ஒரு நாள். "பாரு, நாளைக்குன்னு எடுத்து வெக்குது. அது புத்தி" என்று பூரித்துப்போனார். நான் சீட்டுக் கட்டி அண்டா வாங்கியபோது அதற்குப் பெயர் கருமித்தனம்.

வீச்சம் வேறு. என்ன கழுவினாலும் போகாது. இதற்கு நடுவில் பழம் வேண்டும். ஆமாம், நரி பழம் தின்னும். கொய்யா என்றால் உயிர். காய்வெட்டாகப் போட்டால் மோந்துவிட்டு விட்டுவிடும். நன்றாகக் கனிந்திருக்க வேண்டும். நான் என்ன செய்ய? வீட்டுவேலையைப் போட்டுவிட்டுத் தோப்புத் தோப்பாகப் போய் அணில் கடித்த பழமாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருவேன். எனக்கு என்ன தலையெழுத்தா?  விளக்கு வைக்கிற நேரத்தில் கரட்டுப் பக்கம் மற்ற நரிகள் ஊளையிடும். உங்கள் நாயாக இருந்தால் அதைக் கேட்டுக் குரைத்து ஊரைக் கூட்டிவிடும். துரை எழுந்து நிற்கும். காதை விடைத்துக்கொண்டு கேட்கும். வாயைத் திறக்கும், சத்தம் வராது. குட்டியிலேயே எடுத்து வந்துவிட்டதால் அதற்கு ஊளையிடத் தெரியவில்லையோ என்னவோ. மறுபடியும் திறக்கும். நான் தேய்க்கிற பாத்திரத்தைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருப்பேன். அந்த நேரம் வேலையே ஓடாது. எரிச்சல்தான், வேறென்ன.

காலையில் நடக்கிற கூத்தை இன்னும் நான் சொல்லவில்லை.

எழுந்ததும் முதலில் நரி முகத்தைத்தான் பார்க்கவேண்டும் அல்லவா? அதனால் இவர் படுக்கையில் கண்ணைத் திறக்கமாட்டார். மூடிய கண்ணோடு "இந்தா" என்பார். நான் போய்க் கையைப் பிடித்து, நிலைப்படி இடிக்காமல் தலையைக் குனியவைத்து, அம்மிக்கல் தடுக்காமல் சுற்றிக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். நல்ல மனுஷர், உன் முகத்தில் முழித்தால் விளங்காது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "நீ கொஞ்சம் பின்னால போய் நின்னுக்க" என்று மட்டும் சொல்வார். நான் பின்னால் போய் நின்றுகொண்டு "ம்" என்றால் கண்ணைத் திறப்பார்.

நரி பகலில் தூங்குகிற பிராணி டீச்சர். இதை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. விடிந்ததும் அது சுருண்டு, மூக்கை வாலுக்குள் சொருகிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்துவிடும். இவர் கண்ணைத் திறந்தால் தெரிவது அதன் பின்பக்கம். இந்த ஒரு வருஷமாக அவர் முழித்தது எல்லாம் நரியின் பின்பக்கத்தில். அதற்கும் காரணம் நான். "நீ என்ன பண்ணினே? நீ வந்தா அது திரும்பிக்குது." நான் விடியுமுன்னே சோறு வைக்கப் போகும்போது கம்பிக்கு இந்தப் பக்கம் மூக்கை வைத்துக்கொண்டு காத்திருக்கும். என் காலடிச் சத்தம் அதற்குத் தெரியும். அதைப் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். சோற்றுச் சத்தம். அப்படிப் பார்த்தால் தினமும் நரி முகத்தில் முழித்தவள் நான்தான். எனக்கு என்ன கிரீடமா வந்தது? கடி வந்தது.

இன்று காலை எங்கள் கிழங்குக் காட்டில் போர்வெல் போடுகிற லாரி வருவதாக இருந்தது. "இன்னைக்கு முகம் தெரிஞ்சே ஆகணும்" என்றார். கம்பியைத் தட்டினேன். அசையவில்லை. கொய்யாப்பழம் காட்டினேன். காது திரும்பியது, தலை திரும்பவில்லை. இவர் கண்ணை மூடிக்கொண்டு, கை கூப்பிக்கொண்டு, பின்னால் நிற்கிறார். "திருப்பு புள்ள. கையை விட்டுத் திருப்பு. உன்னை ஒண்ணும் பண்ணாது." சரி என்று கதவைத் திறந்து, கையை விட்டு, அதன் தாடையைப் பிடித்தேன்.

நாய் என்றால் உறுமும். பல்லைக் காட்டும். கடிக்கப் போகிறேன், கடிக்கப் போகிறேன் என்று ஆயிரம் தடவை சொல்லிவிட்டுத்தான் கடிக்கும். துரை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கடி. விட்டுவிட்டது. பிடித்துக் குதறவில்லை, துரத்தவில்லை. மறுபடியும் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. அதன்மேல் தப்பு சொல்ல முடியாது. தூங்குகிறவர்கள் தாடையைப் பிடித்துத் திருப்பினால் நான்கூடக் கடிப்பேன்.

நான் "ஐயோ" என்றேன். இவர் என்ன கேட்டார் தெரியுமா? "திரும்பிருச்சா? திறக்கலாமா?" ரத்தம் கம்பியில் வழிகிறது. "துரைக்கு என்ன ஆச்சு?" என்றார். அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை. நான் அவர் முன்னால் போய் நின்று "என்னைக் கடிச்சிருச்சு" என்று கத்திய பிறகுதான் திறந்தார். என்னைப் பார்த்தார். "போச்சு, எல்லாம் போச்சு" என்றார். கையைப் பார்த்துத்தான் பதறுகிறார் என்று நினைத்தேன். உடனே போனை எடுத்து, "இன்னைக்கு நாள் சரியில்லப்பா, லாரியைத் திருப்பிரு" என்றார்.

ஏன் டீச்சர் அப்படிப் பார்க்கிறீர்கள்? நரிக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதாவது, இருந்தது. போன வாரம் ஒரு நாய் வேலிக்குள் புகுந்துவிட்டது. எங்கிருந்து வந்ததோ, வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டு. கம்பிவலையோடு மோதி துரையோடு சண்டை போட்டது. துரைக்கு மூக்கில் ரத்தம் வந்தது. நான் விளக்குமாற்றை எடுத்து விரட்டினேன். ரோட்டில் இரண்டு ஆட்டைக் கடித்துவிட்டது என்று அந்த நாயைப் பிறகு அடித்தே கொன்றுவிட்டார்கள். அன்றைக்கே இவரிடம் சொன்னேன், துரைக்கு ஒரு ஊசி போடுங்கள் என்று. "மாட்டு டாக்டர்கிட்ட நரின்னு சொல்லச் சொல்றியா?" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று நீங்கள் சுலபமாகச் சொல்கிறீர்கள். படித்தவர்கள். நான் ஆறாவதோடு நின்றவள், எனக்கும் தெரியும் எது உண்மை என்று. சொன்னால் ஜீப் வரும். தெருவே வேடிக்கை பார்க்கும். ராமாயி முதல் ஆளாக வந்து நிற்பாள். அவரைக் கூட்டிப் போவார்கள். அவருக்கு வெளியே சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது, ரசத்தில் மிளகு கொஞ்சம் கூடினாலே புரையேறும். துரையை எங்கே கொண்டுபோவார்களோ, அங்கே கனிந்த கொய்யாதான் வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? இதையெல்லாம் யார் யோசிப்பது?

இதோ, நர்சம்மா கூப்பிடுகிறார். காந்தாமணி, நான்தான். நீங்களும் கூட வாருங்கள் டீச்சர். அடுத்தது நீங்கள்தானே.

வணக்கம் நர்சம்மா. சுண்ணாம்பைக் கழுவிவிட்டேன். இந்தக் கைதான். என்ன கடித்ததா?

பாருங்கள், வீட்டுக்காரரே உள்ளே வந்துவிட்டார். வாயைக்கூடத் துடைக்கவில்லை. நான் வாயைத் திறக்குமுன் சொல்கிறார், "தெருநாய்ங்க. செவலை நாய்." கேட்டீர்களா டீச்சர்? நிறம் வரைக்கும் சொல்கிறார். சந்தைக்குப் போகிற வழியாம். காலிலே கடிக்க வந்ததாம், நான் கையை வைத்துத் தடுத்தேனாம். வரும் வழியில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாக இருக்கிறது.

எழுதாதீர்கள் நர்சம்மா. பேனாவை வையுங்கள். கடித்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பார்த்தவள் நான். கடி வாங்கியவளும் நான். என்னைக் கேளுங்கள்.

நரி. குள்ளநரி. எச்சில் ஒழுகின நாய் ஒன்று போன வாரம் அதைக் கடித்திருக்கிறது, அதையும் எழுதுங்கள். அந்த வேறு மருந்து எங்கே கிடைக்கும் என்று எழுதிக் கொடுங்கள், நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்.

ஏங்க, நீங்கள் என் முந்தானையை இழுக்காதீர்கள். கையை எடுங்கள்.

வீட்டில் வளர்த்ததுதான். எங்கள் வீட்டில். வளர்த்தது யாரா? இதோ நிற்கிறாரே இவர்தான். பெயர் எழுதவேண்டுமா? அவரைக் கேட்டால் சொல்லமாட்டார். பாருங்கள், தரையைப் பார்க்கிறார்.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூட, பக்கத்தில் நிற்பவர்களைச் சொல்லச் சொல்வேன்.

தீர்த்தகிரி.

சரியாகக் கேட்கவில்லையா? தீர்த்தகிரி. எழுதிக்கொள்ளுங்கள். தீர்த்தகிரி.